நாய்வண்டிப் பந்தயம் பார்க்க எங்கே போவது: வில்லோவா, நடுவழியா, நோமா, நார்வேயா?

நவம்பர் வந்தாலே என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இந்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் சியாட்டிலில் வேலை பார்ப்பவர், கையில் இருப்பது ஐந்து நாள் லீவு. இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர், மனைவியும் எட்டு வயது மகளும் கூட வருகிறார்கள். மூன்றாமவர் கேமரா பைத்தியம். "கிளம்புறதுலேர்ந்து முடியுற வரைக்கும் பந்தயத்தோட கூடவே போகணும், எங்க போனா முடியும்?" என்கிறார். நான் ஆங்கரேஜுக்கு இரண்டு முறை, நோமுக்கு ஒரு முறை, நார்வேயின் ஃபின்மார்க்குக்கு ஒரு முறை போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் மனதில் இருப்பது அலாஸ்காவின் ஐடிட்டராட், பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளின் பந்தயம். 1973-இலிருந்து நடக்கிறது, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர். மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜில் தொடங்கி பேரிங் கடலோரம் இருக்கும் நோமில் முடியும். படத்தில் பார்த்துவிட்டு, ஒரு காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ஆங்கரேஜுக்கு வடக்கே இருக்கும் வில்லோவைத் தாண்டினால் அந்தத் தடத்துக்குச் சாலையே கிடையாது. மலை, உறைந்த ஆறு, அப்புறம் உறைந்த கடல். ஆகவே ஐடிட்டராட்டைப் பின்தொடர்வது என்றால், ஏதோ ஓரிடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பதுதான். காரில் உண்மையிலேயே பின்தொடரக்கூடிய பெரிய பந்தயம் ஒன்று இருக்கிறது, அது நார்வேயில். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் பிறகு என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, நாயை எவ்வளவு நேரம் பார்க்க முடியும் என்று. ஓடும் வண்டி உங்களைக் கடந்து போக பத்து விநாடி ஆகாது. ஓய்வெடுக்கும் நாய்களையோ மணிக்கணக்கில் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

அடுத்தது, திட்டம் நழுவினால் என்ன ஆகும் என்பது. பந்தயத்துக்கு நேர அட்டவணை கிடையாது. 2024-இல் வெற்றியாளர் டல்லாஸ் சீவி 9 நாள் 2 மணி நேரத்தில் ஓடி செவ்வாய் மாலை நோமுக்கு வந்தார். 2025-இல் ஜெஸ்ஸி ஹோம்ஸ் வந்தது வெள்ளிக்கிழமை அதிகாலை 2.55-க்கு, பத்தரை நாளுக்கு மேல் ஓடி. உங்கள் திரும்பும் விமானம் புதன்கிழமை என்றால் கதை முடிந்தது.

பிறகு குளிர். ஆங்கரேஜில் மார்ச் தொடக்கக் குளிரை நல்ல கோட்டு இருந்தால் சமாளிக்கலாம், உள்நாட்டில் மைனஸ் 30, 40 வரை இறங்கும் இரவுகளும் உண்டு. கூடவே விசா, மறைமுகச் செலவு, பிள்ளைகளோ வயதானவர்களோ வருகிறார்களா என்பது. விசாவை இங்கேயே முடித்துவிடுகிறேன்: இந்தியாவிலிருந்து அமெரிக்க சுற்றுலா விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். நார்வேக்கு ஷெங்கன் விசா, 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பத்து வருட அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கு அலாஸ்கா போக இந்தக் கவலையே இல்லை.

## ஆங்கரேஜும் வில்லோவும்: கிளம்புவதைப் பார்ப்பது

இங்கே இரண்டு தொடக்கம் நடக்கும், அது தெரியாமல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. சனிக்கிழமை ஆங்கரேஜின் நான்காவது அவென்யூவில் நடப்பது சடங்குத் தொடக்கம். நகரத்தின் நடுவே லாரியில் பனி கொண்டுவந்து கொட்டி, நாய்கள் ஊருக்குள் சுமார் 18 கிலோமீட்டர் ஓடும். அந்த நேரம் கணக்கில் சேராது. 2016-இல் ஆங்கரேஜில் பனியே இல்லாமல் ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரயிலில் பனி வரவழைத்தார்கள். உண்மையான பந்தயம் மறுநாள் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு, வடக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் வில்லோவின் உறைந்த ஏரியில்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் வில்லோ போவேன். சனிக்கிழமை திருவிழாக் கூட்டம். அதே வாரம் ஆங்கரேஜில் ஃபர் ரோண்டி என்கிற குளிர்கால விழாவும் நடப்பதால் அன்றைக்கே தெருவில் கலைமான்களோடு மனிதர்கள் ஓடுகிற கூத்தும் உண்டு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வில்லோவில் நிற்கும்போதுதான் இந்த ஆட்கள் உண்மையிலேயே எங்கோ போகிறார்கள் என்பது உறைக்கும். அங்கே நாய்வண்டி ஓட்டுபவரை மஷர் என்பார்கள். ஒவ்வொரு மஷரும் இரண்டு நிமிட இடைவெளியில் கிளம்புகிறார். (முன்னால் கிளம்பியவருக்குச் சாதகம்தானே என்று என் மனைவி கேட்டாள். அந்த நிமிடங்களை வழியில் எடுக்கும் 24 மணி நேரக் கட்டாய ஓய்வில் சரிக்கட்டிவிடுகிறார்கள்.) முறை வரும் வரை நாய்கள் போடும் சத்தம் இருக்கிறதே, காதைப் பிளக்கும். குலைக்கிறது, ஊளையிடுகிறது, நான்கு காலும் தரையில் படாமல் துள்ளுகிறது. வண்டியை நகரவிடாமல் ஆறேழு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வண்டியைப் பனியில் நிறுத்திவைக்கும் கொக்கியைப் பிடுங்கியதும் அந்தக் குழு மட்டும் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் கேட்பது சறுக்குச்சட்டம் பனியில் உரசும் சத்தம் மட்டும்தான். வண்டிகள் போன பிறகு தடத்தில் ஆரஞ்சு, நீலம், பச்சை என்று நாய்க் காலுறைகள் கழன்று கிடக்கும். பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். என் மேஜையில் ஒன்று இருக்கிறது, குழந்தை கையுறையை விடச் சின்னது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், அந்த வார இறுதியில் மட்டும் ஆங்கரேஜ் அறை வாடகை ஏறும், கோடைக்காலம் அளவுக்கு இல்லை. கார் வாடகை, வில்லோவில் பார்க்கிங் நெரிசல், திரும்பும் வழியில் ஒரே சாலையில் எல்லோரும். உண்மையான ஆபத்து வேறு: வழியில் பனி போதவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தொடக்கத்தையே தூக்கிக்கொண்டு போய் ஃபேர்பேங்க்ஸில் வைத்துவிடுகிறார்கள். 2003, 2015, 2017, 2025 என்று இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது. 2025-இல் பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அறிவிப்பு வந்தது. ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் 570 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள், பத்து டாலர் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

ஐந்து நாள் லீவுக்காரருக்கும், குழந்தையோடு வருபவருக்கும் இதுதான். கையில் காசு புரள்கிறவர்களுக்கு இன்னொன்று: சனிக்கிழமை ஓட்டத்தில் வண்டியில் உட்கார்ந்து போகும் இடத்தை ஏலம் விடுகிறார்கள். வரும் பணம் பந்தயத்துக்கு.

## நடுவழி: சின்ன விமானத்தில் செக்பாயிண்டுக்கு

எனக்குப் பிடித்ததும் இதுதான், மற்றவர்களுக்கு நான் அதிகம் சிபாரிசு செய்யாததும் இதுதான்.

இதில் இரண்டு வகை. ஒன்று, ஆங்கரேஜ் பக்கத்திலிருந்து பனிச்சறுக்கு மாட்டிய குட்டி விமானத்தில் ஸ்க்வென்ட்னா, ஃபிங்கர் லேக், ரெய்னி பாஸ் மாதிரி முதல் இரண்டு நாள் செக்பாயிண்டுகளுக்கு (வழியில் வண்டிகள் நின்று பதிவு செய்துகொள்ளும் இடங்கள்) போய், உறைந்த ஏரியில் இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவது. இன்னொன்று, மெக்ராத் அல்லது உனலக்லீட் மாதிரி விமானத்தளம் இருக்கும் ஊருக்குப் பயணிகள் விமானத்தில் போய்த் தங்குவது. முதல் வகை ஒரு நாளில் முடியும், ஆனால் ஒருவருக்கே பல நூறு டாலர் ஆகும். இரண்டாம் வகைக்குக் குறைந்தது நான்கு நாள் ஒதுக்க வேண்டும்.

ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன். நான் போன செக்பாயிண்டில் ஒரு பெண் மஷர் வந்து நின்றார். தன் முகத்தைக் கூடத் துடைக்கவில்லை. வைக்கோல் கட்டைப் பிரித்து ஒவ்வொரு ஜோடி நாய்க்கும் படுக்கை போட்டார். பிறகு முன்னாலிருந்து தொடங்கி ஒவ்வொரு காலிலும் இருந்த உறையைக் கழற்றினார், பதினான்கு நாய், ஐம்பத்தாறு கால், அதுவும் வெறும் விரலால், கையுறை போட்டால் அந்த வெல்க்ரோ பட்டையைப் பிரிக்க முடியாது. ஸ்பிரிட் அடுப்பில் பனியை அள்ளிப் போட்டு உருக்கினார், அந்த வெந்நீரில் உறைந்த இறைச்சியை ஊறவைத்து ஊற்றினார். நாய்கள் நக்கிவிட்டு மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு படுத்துவிட்டன. கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொரு நாயின் தோளையும் மணிக்கட்டையும் மடக்கிப் பார்த்தார். இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனது, அதுவரை அந்த அம்மா உட்காரவே இல்லை. விதிப்படி வேறு யாரும் கைகொடுக்கக் கூடாது. இந்தக் காட்சியைக் கிளம்புமிடத்திலும் பார்க்க முடியாது, நோமிலும் பார்க்க முடியாது.

சரி, ஏன் சிபாரிசு செய்வதில்லை? வானிலை. எனக்கே முதல் முறை இரண்டு நாள் தொடர்ந்து மூடுபனி, விமானம் எழும்பவே இல்லை. நான் பணம் கட்டிய கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேறு தேதிதான் தருவேன் என்றது, அந்தத் தேதியில் நாய்கள் மலையைத் தாண்டியிருக்கும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எடையையும் கேட்பார்கள், கூச்சப்படாமல் கோட்டு, பூட்ஸோடு சேர்த்து உண்மையைச் சொல்லுங்கள். கிராமங்களில் ஓட்டல் இருக்காது அல்லது ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் பந்தய ஆட்களால் நிரம்பியிருக்கும். கடையில் எல்லாமே விமானத்தில் வந்த சரக்கு, விலை அப்படித்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா பாக்கெட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள், வெந்நீர் எங்கும் கிடைக்கும். (உனலக்லீடில் ஒரு பீட்சா கடை உண்டு, அது தனிக்கதை.) பல கிராமங்களில் மதுவைக் கொண்டுபோவதே சட்டவிரோதம், பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தாலும் வம்பு. அப்புறம், அது அவர்கள் ஊர். இன்யூபியாக், அத்தபாஸ்கன் பழங்குடி மக்கள் வாழும் சின்ன ஊர்கள். வீட்டு முன்னால் நின்று கேமராவை நீட்டினால் யாருக்கும் பிடிக்காது. தூங்கும் நாய்க்குப் பக்கத்தில் பேசினாலும் பிடிக்காது.

எந்த வருடம் எந்தத் தடம் என்று குழப்பிக்கொள்கிறவர்களுக்கு: 2024, 2026 மாதிரி இரட்டைப்படை வருடங்களில் ரூபி, கலீனா வழியாக வடக்குத் தடம், 2023 மாதிரி ஒற்றைப்படை வருடங்களில் ஐடிட்டராட் என்ற பழைய தங்கச்சுரங்க ஊர் வழியாகத் தெற்குத் தடம். யூகான் ஆற்றில் எந்த ஊருக்கு டிக்கெட் போடுவது என்பது இதைப் பொறுத்தது. 2025 மாதிரி ஃபேர்பேங்க்ஸில் தொடங்கினால் இந்தக் கணக்கும் மாறும். உனலக்லீட் வடக்கு, தெற்கு இரண்டு தடத்துக்கும் பொது.

## நோம்: வந்து சேர்வதைப் பார்ப்பது

நோமில் ஏறத்தாழ 3700 பேர் வாழ்கிறார்கள். ஆங்கரேஜிலிருந்து ஜெட் விமானத்தில் ஒன்றரை மணி நேரம், சாலை கிடையாது. ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டில் மர வளைவு ஒன்று நிற்கும், அதற்குக் கீழே வந்து நின்றால் பந்தயம் முடிந்தது.

1978-இல் டிக் மேக்கியும் ரிக் ஸ்வென்சனும் இரண்டு வாரம் ஓடிவந்து இதே தெருவில் ஒரு விநாடி வித்தியாசத்தில் முடித்தார்கள். 2014-இல் கதை இன்னும் விநோதம். முன்னால் போன ஜெஃப் கிங் கடைசிச் செக்பாயிண்டான சேஃப்டிக்கு முன் புயல்காற்றில் சிக்கி விலகிவிட்டார், அலி சர்கிள் சேஃப்டியில் காற்றுக்கு ஒதுங்கியிருந்தார், இவர்கள் இருவரையும் தாண்டியது தெரியாமலே வந்த டல்லாஸ் சீவி, தான் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டு அதிகாலை நான்கு மணிக்கு வளைவைக் கடந்தார். இரண்டு நிமிடம் கழித்து அலி வந்தார். நோம் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்.

நான் போனபோது வெற்றியாளரைப் பார்க்கவில்லை. விமானம் ஒரு நாள் தாமதம். முதலில் அழுகை வந்தது, உண்மைதான். ஆனால் நோமின் வழக்கம் என்னவென்றால் யார் வந்தாலும், எத்தனையாவதாக வந்தாலும், ஊர் சைரன் ஒலிக்கும். இரவு இரண்டு மணிக்கு அது ஒலித்ததும் எதிரே இருந்த மதுக்கடையிலிருந்து கிளாஸோடு பத்துப் பேர், பக்கத்து வீட்டிலிருந்து இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டி, அப்புறம் நான். வந்தவர் இருபது சொச்சமாவது ஆள். அவர் தன் நாய்களுக்குத் தின்பண்டம் கொடுத்து முடிக்கும் வரை எல்லோரும் நின்றோம். முதல் ஆள் வந்த நாளின் கேமராக் கூட்டத்தில் இவ்வளவு கிட்டத்தில் நின்றிருக்க முடியாது என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். கடைசி ஆள் வரும் வரை வளைவில் ஒரு விளக்கு தொங்கும், அவர் வந்த பிறகுதான் அணைப்பார்கள்.

செலவுக்கு வருவோம். அறைகள் ஒரு வருடம் முன்பே போய்விடும், ஊர்க்காரர்கள் வீட்டில் அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். சனிக்கிழமை ஆங்கரேஜில் பார்த்துவிட்டு நோமிலும் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும், அந்த வாரச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாவது வாரம் திங்களன்று நோமில் இறங்கி சனிக்கிழமை திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் முதல் ஆளைப் பிடித்துவிடலாம். நோமுக்கு 124 கிலோமீட்டர் இருக்கும்போது ஒயிட் மவுண்டனில் எல்லோரும் 8 மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும், ஆகவே முதல் ஆள் அங்கே சேர்ந்ததும் ஊரே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் பந்தயத்தின் ஜிபிஎஸ் சந்தாவை வாங்கிவிடுங்கள், நோமில் உங்கள் கடிகாரமே அதுதான்.

குழந்தையோடு போகலாம், குளிருக்கு ஒதுங்கச் சூடான இடங்கள் உண்டு. நேரம் இல்லாதவர்கள் மட்டும் போக வேண்டாம்.

## ஃபின்மார்க்: காரிலேயே பின்தொடர்வது

நார்வேயின் வடகோடியில் ஆல்டா என்ற ஊரில் தொடங்கி அங்கேயே முடியும் ஃபின்மார்க்ஸ்லோப்பெட், 1981-இலிருந்து நடக்கிறது, ஐரோப்பாவின் நீண்ட நாய்வண்டிப் பந்தயம். பெரிய பிரிவு ஏறத்தாழ 1200 கிலோமீட்டர், அதில் பாதித் தூரப் பிரிவும் இளைஞர்களுக்கான குட்டிப் பிரிவும் உண்டு. தாமஸ் வார்னர் இதை 2019-இல் வென்றுவிட்டு மறுவருடம் அலாஸ்கா போய் ஐடிட்டராட்டையும் வென்றார். அதற்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றுபோய், நாய்களோடு அலாஸ்காவில் மாட்டிக்கொண்டு ஜூனில்தான் ஊர் திரும்பினார், அதுவும் ஒரு பழைய டிசி-6 விமானத்தில்.

இங்கே செக்பாயிண்டுகள் பெரும்பாலும் சாலையோரம். உதவியாளர்களே நாய் டிரெய்லரை இழுத்துக்கொண்டு காரில்தான் போகிறார்கள், நீங்கள் அவர்கள் பின்னால் போகலாம். ஆல்டா, காராஷோக், தானா, வராங்கர், கிழக்கே ரஷ்ய எல்லை பக்கத்தில் கிர்கெனெஸ் வரை. அலாஸ்காவில் விமானம் பிடித்து ஒரே ஒரு முறை பார்த்த வைக்கோல் படுக்கைக் காட்சியை இங்கே நாளுக்கு இரண்டு முறை பார்த்தேன், ஒரே மஷரை, ஒரே நாய்களை. மூன்றாம் நாள் எந்த நாய் நொண்டுகிறது, எது சாப்பிட மறுக்கிறது என்று எனக்கே தெரிந்தது. கூடாரத்தில் வாஃபிளும் காபியும், அந்தப் பகுதிப் பழங்குடியினரான சாமி (Sámi) மக்களின் கலைமான் சூப்பும். இரவில் வானம் தெளிந்தால் துருவ ஒளி இலவசம்.

விலை என்ன? கார். வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாமே நார்வே விலை, மூன்று பேர் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஆல்டாவிலிருந்து கிர்கெனெஸுக்கு ஒரு வழியே 500 கிலோமீட்டருக்கு மேல். ஆல்டாவுக்குக் கிழக்கே சென்னாலாண்டெட் மேட்டுநிலத்தில் காற்று வீசினால் சாலையை மூடி, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள், அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் இதில் இறங்க வேண்டாம், ஆணி வைத்த டயர் போட்டிருந்தாலும். எனக்கு வாடகைக் காரில் கண்ணாடி துடைக்கும் தண்ணீர் உறைந்துபோய், காராஷோக் போகும் வழியில் சுரண்டிச் சுரண்டி ஓட்டினேன். கலைமான்கள் சாலையில் நின்று உங்களைப் பார்க்கும், நகராது.

ஈழத்தமிழர்கள் எண்பதுகளில் இதே ஃபின்மார்க் கடலோர மீன் தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்கு வந்தார்கள். ஒஸ்லோவில் தங்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், இந்தச் சாலைகளைப் பற்றி அவரிடம் கதை இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | ஆங்கரேஜ், வில்லோ | நடுவழி | நோம் | ஃபின்மார்க் |
|---|---|---|---|---|
| தேவைப்படும் நாள் | 3 | 1 அல்லது 4 | 5, 6 | 7, 8 |
| பார்ப்பது | கிளம்பும் ஆரவாரம் | நாய்களின் ஓய்வு, மஷரின் வேலை | வந்து சேர்வது | எல்லாமும், கொஞ்சம் கொஞ்சம் |
| கெடுப்பது | பனிப் பற்றாக்குறை | மூடுபனி | வேகம் கணிக்க முடியாதது | மூடிய சாலை |
| கணக்கில் வராத செலவு | ஃபேர்பேங்க்ஸுக்கு மாறினால் | ரத்தான விமானம் | நடுவில் ஒரு வாரம் | கார், சாப்பாடு |
| குழந்தைகள் | தாராளமாக | வேண்டாம் | சரி | நீண்ட கார்ப் பயணம் தாங்கினால் |

இரண்டு பந்தயமும் மார்ச் முதல் பாதியில் வருவதால் ஒரே வருடத்தில் இரண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

போவதே சரியா என்று கேட்பவர்களும் உண்டு. 2024 ஐடிட்டராட்டில் மூன்று நாய்கள் இறந்தன, விலங்குநல அமைப்புகள் பல வருடமாக எதிர்க்கின்றன, சில பெரிய நிறுவனங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டுவிட்டன. நான் செக்பாயிண்டில் பார்த்த கவனிப்பும் உண்மை, இதுவும் உண்மை. மகளோடு போகிறவர் கிளம்பும் முன்பே இதை அவளிடம் பேசிவிடுவது நல்லது, எட்டு வயதுக்குப் புரியும்.

சியாட்டில்காரர் வில்லோவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். கோயம்புத்தூர் குடும்பம் விசா நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கிறது, கிடைக்காவிட்டால் ஆல்டாவில் தொடக்கத்தை மட்டும் பார்ப்பதாகத் திட்டம், காரே இல்லாமல். கேமராக்காரர் ஃபின்மார்க் போகிறார், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு. அவருக்கு நேற்று அனுப்பிய செய்தி: மாற்று பேட்டரிகளைச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள், உலோக முக்காலியின் கால்களில் துணி டேப் சுற்று, மைனஸ் இருபதில் வெறுங்கையால் தொடாதே. வெளியிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டுப் போ, இல்லாவிட்டால் லென்ஸுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.